செடியைப் பட்டினி போடாமல் மீன் தொட்டியில் பாசியைக் கட்டுப்படுத்துவது எப்படி?

மீன் தொட்டியின் கண்ணாடியில் பச்சை படியத் தொடங்கியதும், நீரில் சத்து மிகுந்துவிட்டது என்று முடிவுகட்டி, உரத்தை அடியோடு நிறுத்திவிடுவோர் பலர். செடி வளர்க்கும் தொட்டியில் இது பெரும்பாலும் எதிர் விளைவையே தருகிறது. பாசிக்கு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகச் சொற்ப அளவில் இருந்தாலே போதும். செடிக்கோ அதைவிடப் பன்மடங்கு தேவை. ஆகவே சத்து வற்றும்போது முதலில் தடைபடுவது செடியின் வளர்ச்சிதான். வளர்ச்சி நின்ற செடியின் முதிர்ந்த இலைகள் நலிந்து, தம்முள் இருப்பதை நீரில் கசியவிட, பாசி அந்த இலைகளின் மேலேயே பற்றிக்கொள்கிறது. மிகுதியாக உள்ள சத்தல்ல, தேவைக்குக் குறைவாக உள்ள சத்தே பயிரின் வளர்ச்சியை வரையறுக்கிறது என்று 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் பரப்பிய விதி வயலுக்குப் பொருந்துவது போலவே தொட்டிக்கும் பொருந்தும்.

முதலில் சோதிக்க வேண்டியது தொட்டி நீரை அல்ல, தொட்டியில் ஊற்றும் நீரை. சென்னையில் ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு மெட்ரோ வாட்டரும் அடுத்த வீட்டுக்குப் போர் தண்ணீரும் வருகின்றன. கோடையில் இரு வீட்டுக்கும் லாரித் தண்ணீர் வரக்கூடும். மெட்ரோ நீரிலுள்ள குளோரினை நீக்க, மீன் கடைகளில் கிடைக்கும் ஆன்டி குளோரினை அளவாகச் சேர்க்க வேண்டும். போர் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது. சில பகுதிகளில் அதிலேயே நைட்ரேட்டும் கலந்திருக்கும் என்பதால், அங்கே வாராவாரம் நீர் மாற்றுவதே உரமிடுவதாக ஆகிவிடும். ஆர்ஓ நீரில் கால்சியமும் மக்னீசியமும் ஏறக்குறைய இல்லை. அதைத் தனியாகப் பயன்படுத்தாமல் குழாய் நீருடன் கலந்தே ஊற்றுவது நல்லது. லாரி நீர் வரும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், ஒருமுறை எடுத்த அளவை நம்பி அடுத்த முறையும் உரமிடக் கூடாது.

உரத்தைத் தொடும் முன் விளக்கைச் சீராக்க வேண்டும். ஒளி கூடக் கூட, செடியின் கரியமில வாயுத் தேவையும் சத்துத் தேவையும் கூடுகின்றன. தனியாகக் கரியமில வாயு செலுத்தாத தொட்டியில் மிதமான விளக்கை, டைமர் பொருத்தி, நாளுக்கு 6 மணி நேரம் எரியவிட்டால் போதும். வெயில் நேராக விழும் பால்கனியிலும் ஜன்னலோரத்திலும் தொட்டி இருக்கும்வரை, சத்துச் சமநிலைக்காக எடுக்கும் எந்த முயற்சியும் முழுப் பலன் தராது.

இனி அளவுகள். லிட்டருக்கு நைட்ரேட் 10 முதல் 20 மில்லிகிராமும், பாஸ்பேட் 0.5 முதல் 2 மில்லிகிராமும், பொட்டாசியம் 10 முதல் 20 மில்லிகிராமும், இரும்பு 0.1 மில்லிகிராம் அளவிலும் இருப்பது பெரும்பாலான செடித் தொட்டிகளுக்கு ஏற்றது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் எடையில் 10:1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று சிலர் வற்புறுத்துவார்கள். இதற்கு அடிப்படையான ரெட்ஃபீல்டு விகிதம் கடலின் மிதவை உயிரிகளை ஆராய்ந்து கண்டறியப்பட்டது. தொட்டிக்கு அதை வழிகாட்டியாகக் கொள்ளலாமே தவிர, சட்டமாகக் கொள்ள வேண்டியதில்லை. இரண்டில் எதுவும் சுழியைத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம்.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் கொண்ட தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 56 லிட்டர். மணலும் கல்லும் மேல்விளிம்பின் இடைவெளியும் போக, நீர் 45 லிட்டர் அளவில் இருக்கும். இதில் 1 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டைக் கரைத்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 13 மில்லிகிராம் நைட்ரேட் கூடும். பொட்டாசியமும் உடன் கிடைக்கும். பாஸ்பேட்டுக்கு, 1 கிராம் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்டை 100 மில்லி ஆர்ஓ நீரில் கரைத்து, அதில் 5 மில்லியை ஊற்றினால் லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் அளவில் உயரும். இவை விவசாய உரக் கடைகளில் முறையே 13:0:45, 0:52:34 என்ற எண்களுடன் கிடைக்கின்றன. ஆனால் அதே கடையில் விற்கும் 19:19:19 உரத்தை எக்காரணம் கொண்டும் தொட்டியில் இடக் கூடாது. அதிலுள்ள யூரியாவும் அமோனியாவும் பாசியைத் தூண்டுவதோடு, காரத்தன்மை மிகுந்த போர் நீரிலும் சென்னை வெப்பத்திலும் மீன்களைக் கொன்றுவிடக்கூடும். மீன்கள் நிறைந்த தொட்டியில் நைட்ரேட் தானாகவே சேரும் என்பதால், சோதனைக் கருவியில் பார்த்துக் குறைவதை மட்டுமே சேர்க்க வேண்டும். இரும்பையும் பாஸ்பேட்டையும் வெவ்வேறு நாள்களில் இடுவது நல்லது. சேர்த்து இட்டால் வினைபுரிந்து வீழ்படிவாகிவிடலாம்.

எந்தச் சத்து குறைகிறது என்பதைப் பாசியின் வகையைக் கொண்டும் ஊகிக்கலாம். கண்ணாடியிலும் தடித்த இலைகளிலும் சுரண்டினாலும் எளிதில் வராத பச்சைப் புள்ளிகள் தோன்றினால், பெரும்பாலும் பாஸ்பேட் குறைவு. அதைச் சற்று உயர்த்தினால் புதிய இலைகளில் புள்ளிகள் குறைவதைக் காணலாம். வழவழப்பான நீலப்பச்சைப் போர்வை, மண் வாடையுடன் மணலை மூடினால் அது பாசியே அல்ல, ஒருவகை பாக்டீரியா. நைட்ரேட் வற்றியதும் நீரோட்டம் குன்றியதும் கழிவு தேங்கியதும் அதற்கு வழிவிடுகின்றன. இலை விளிம்பில் கறுப்புத் தூரிகை போல் வளர்வதற்கு நிலையற்ற கரியமில வாயுவும் அங்ககக் கழிவும் காரணங்கள் என்பதால், பாதிக்கப்பட்ட இலைகளை வெட்டி எறிந்துவிட்டு அடிமணலைச் சுத்தம் செய்ய வேண்டும். நீரே பச்சையாக மாறினால் அமோனியாவைச் சோதியுங்கள். புதுத் தொட்டியின் பழுப்புப் படிவு சில வாரங்களில் தானே மறையும்.

மீன் உணவே தொட்டிக்குள் வரும் முதன்மையான உரம். இரண்டு நிமிடங்களில் மீன்கள் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் இடாமல், வாரம் ஒரு நாள் உணவே தராமல் இருந்தால், பாஸ்பேட் தேவையின்றி ஏறாது. சென்னையில் வண்ண மீன் விற்பனைக்குப் பெயர்பெற்ற கொளத்தூர் கடைத்தெருவுக்குப் போனால், பாசிக்கென்று சக்கர் மீனைப் பரிந்துரைப்பவர்களைக் காணலாம். அது சிறியதாக இருக்கும்போது பாசியைத் தின்னும் என்பது உண்மைதான். ஆனால் ஓரடிக்கு மேல் வளர்ந்து, தின்பதைவிட அதிகமாகக் கழிவிட்டு, இறுதியில் யாராவது ஏரியில் விட்டுவிடும் நிலைக்கு வருகிறது. நம் நீர்நிலைகளில் அது பரவி நாட்டு மீன்களை நெருக்கிவருவதை நினைத்தால், அதை வாங்காமல் இருப்பதே சரி. வேகமாக வளரும் வேலிசுனேரியா, ஹைட்ரில்லா, ஹைக்ரோஃபிலா போன்ற செடிகள் பாசியோடு போட்டியிட்டுச் சத்தை உறிஞ்சும் திறனுள்ளவை. அவற்றில் வேலிசுனேரியாவும் ஹைட்ரில்லாவும் கடின நீரிலும் செழிப்பவை.

வாரம் 25 முதல் 30 சதவீத நீரை மாற்றி, அன்றே உரத்தை ஈடுகட்டுங்கள். ஓர் அளவை மாற்றினால் இரண்டு மூன்று வாரங்கள் பொறுத்துப் புதிய இலைகளை மட்டும் கவனியுங்கள்; பழைய இலையில் ஏறிய பாசி இறங்காது, அதை வெட்டுவதே வழி. பாசிக்கொல்லி மருந்தை நாட வேண்டாம். ஒரே சமயத்தில் மடியும் பாசி அழுகி உயிர்வளியைக் குடித்துவிட்டு, உறிஞ்சிய சத்தையெல்லாம் மீண்டும் நீரிலேயே கொட்டும்.

அக்னி நட்சத்திர நாள்களில் தொட்டி நீர் 32 டிகிரியை எட்டினால், உயிர்வளி குறைந்துவிடும். அப்போது விளக்கை ஒரு மணி நேரம் குறைத்து, நீர்ப்பரப்பில் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மின்சாரம் பல மணி நேரம் போனால், ஃபில்டரில் இருந்து அமோனியாவை நீக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் உயிர்வளியின்றி மடியத் தொடங்கும். பேட்டரியில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றைக் கைவசம் வைத்திருங்கள். மின்சாரம் திரும்பியதும் ஃபில்டர் பஞ்சைக் குழாய் நீரில் அல்லாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரில் அலசிய பிறகே ஓடவிட்டு, அமோனியா சுழிக்கு வரும்வரை உணவை நிறுத்தி, தேவைப்பட்டால் நீரைச் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.