அவரவர் வேலை, ஒரே கூடம்: ஞாயிறு குழு தொடங்குவது எப்படி?

ஒருவர் நாவல் எழுதுகிறார். இன்னொருவர் குரோஷா பின்னுகிறார். வேறொருவர் தாத்தா காலத்து ரேடியோவைப் பிரித்துப் போட்டிருக்கிறார். மூன்றுமே பாதியில் நிற்கின்றன. இவர்களை வாரம் ஒருமுறை சேர்ந்து உட்கார வைக்கும் வழி இது.

படி 1: ஆள்

நான்கைந்து பேர் போதும். எல்லோரும் கவிஞர்களாக இருந்தால் யார் கவிதை ஒசத்தி என்ற பேச்சு சீக்கிரமே வந்துவிடும். ஆகவே கலந்துகட்டிச் சேருங்கள். வாட்ஸ்அப் குழு இப்போதைக்கு வேண்டாம். காலை வணக்கப் படங்கள்தான் குவியும்.

படி 2: இடம், நேரம்

ஞாயிறு காலை 10 முதல் 12. இரண்டு பேர்தான் வந்தாலும் நேரத்தை மாற்றாதீர்கள். யாராவது ஒருவர் வீட்டுக் கூடம் சரிதான், ஆனால் காபி போட்டே அந்த வீட்டார் ஓய்ந்துவிடுவார்கள். அவரவர் ஃபிளாஸ்க் அவரவருக்கு. எழுதுகிறவர்கள் மட்டும் என்றால் நூலகம் போதும். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே உண்டு.

படி 3: இரண்டு மணி நேரம்

குழு நிலைப்பதும் கலைவதும் இங்கேதான். ஒரு நீள நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: பெயர், இன்றைய வேலை, முடிந்ததா. ‘நாவல் எழுதுவேன்’ என்று எழுதினால் செல்லாது. ‘மூன்றாம் அத்தியாயம், பந்தியில் நடக்கும் சண்டை’ என்று இருக்க வேண்டும். ரேடியோக்காரர் ‘வால்யூம் குமிழைக் கழற்றித் துடைப்பது’ என்று எழுதலாம். வேலை சிறிதாக இருந்தால்தான் கடைசிப் பத்தியில் டிக் விழும்.

அப்புறம் ஒன்றரை மணி நேரம் பேச்சில்லை. போன்கள் அலமாரி மேல். மிச்ச நேரத்தில் செய்ததைக் காட்டலாம். காட்டுபவர் ஒரு கேள்வி கேட்பார், மற்றவர்கள் அதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். “கலர் ரொம்ப அடிக்குதா?” என்று கேட்டவரிடம் வடிவத்தைப் பற்றிப் பாடம் எடுக்கக் கூடாது. புதியவர்கள் ஓடிப்போவது பெரும்பாலும் கேட்காத அறிவுரையால்தான்.

படி 4: காசு

ஆரம்பத்தில் வசூல் வேண்டாம். செலவு வந்தால் சேர்ந்து எதையாவது விற்கலாம். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை அமைத்தவர்கள் பாத்திக் துணி (மெழுகு பூசிச் சாயம் போட்டது) விற்ற காசில்தான் நிலம் வாங்கினார்கள். ஓவியம் அவரவர் போக்கில், பிழைப்புக்குக் கைவினை என்ற ஏற்பாடு அது. உங்களுக்குப் புத்தகக் குறியும் வாழ்த்து அட்டையும் போதும்.

படி 5: வராதவர்கள்

தொடர்ந்து சில வாரம் வராதவருக்கு ஒரு போன் போடுங்கள். காரணம் கேட்க வேண்டாம். எந்த வேலையில் நிறுத்தினார் என்று நோட்டைப் பார்த்துச் சொன்னால் போதும்.