வயதான நாயோடு வார இறுதி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை காலை பூங்காவில் ஓர் இளைஞரைப் பார்த்தேன். அவருடைய நாய்க்கு முகமெல்லாம் நரைத்திருந்தது. அவர் பந்தை வீசுவதும் அது எடுத்து வருவதுமாக ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. எட்டாவது வீச்சுக்குள் நாயின் நடை மாறிவிட்டது. பின்னங்கால்களை மாற்றி மாற்றி வைக்காமல், இரண்டையும் சேர்த்து முயலைப் போலத் தாவத் தொடங்கியது. "பாருங்கள், இன்னும் குட்டி மாதிரியே குதிக்கிறான்" என்று என்னைப் பார்த்து முகம் மலரச் சொன்னார். அது குட்டித்தனம் இல்லை, வலி என்று சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. பந்தைப் பைக்குள் போட்டுவிட்டு நாயின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் மகிழ்ந்து நின்றவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

தண்ணீர் எடுத்துப் போங்கள், கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் இருக்கட்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஐந்து நாள் படுக்கை, இரண்டு நாள் ஓட்டம்

எனக்கு இன்றும் ஆறாத தவறு இதுதான். வாரம் முழுவதும் வேலை. காலையில் பத்து நிமிடம், இரவில் பத்து நிமிடம் தெருமுனை வரை நடை. அந்தக் குற்ற உணர்வையெல்லாம் சனி, ஞாயிறில் மொத்தமாகத் தீர்த்துவிட நினைக்கிறோம். நாயின் மூட்டுகளோ அந்தக் கணக்கை ஏற்பதில்லை.

வயதான நாயின் மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்திருக்கும். அந்தக் குறையை ஓரளவு தாங்கிப் பிடிப்பது சுற்றியிருக்கும் தசைதான். தசைக்கு அன்றாட உழைப்பு வேண்டும். ஐந்து நாள் சும்மா கிடந்த தசை ஆறாம் நாள் சீக்கிரம் களைத்துவிடும். அதன் பிறகு ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் நேராக மூட்டில் இறங்கும். இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. வெளியே வந்த உற்சாகத்தில் நாய்க்கு அந்த வலி உறைக்காது. ஓய்ந்து படுத்து, பல மணி நேரம் கழித்து எழும்போதுதான் தெரியும். சனிக்கிழமை மாலை "நன்றாகத்தானே இருக்கிறான்" என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமையும் கிளம்பிவிடுகிறோம்.

என் நாய் கருப்பனுக்கு அப்போது பத்து வயது, 32 கிலோ எடை. ஏரிக்கரைப் பாதையில் நான்கு கிலோமீட்டர் எனக்கு முன்னாலேயே வாலை உயர்த்திக்கொண்டு போனான். போகிற தூரத்தை மட்டும் கணக்கில் வைத்திருந்தேன். அதே நான்கு கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும் என்பதை யோசிக்கவே இல்லை. திரும்பும் வழியில் பாதியில் உட்கார்ந்துவிட்டான். கூப்பிட்டேன். எழுந்து பத்தடி வந்து மறுபடியும் உட்கார்ந்தான். மீதித் தூரத்தைத் தூக்கிச் சுமந்தும் இறக்கி நிறுத்தியும் கடந்தோம். மறுநாள் காலை முன்னங்கால்களை ஊன்றி எழுந்தான், இடுப்பு எழவில்லை. அப்படியே நின்றபடி என் முகத்தைப் பார்த்தான்.

ஆறு வாரம் கட்டாய ஓய்வு. வலி குறைந்தது. ஆனால் அந்த ஆறு வாரத்தில் தொடைத் தசை கரைந்துபோனது. தடவிக் கொடுக்கும்போது எலும்பு கையில் தட்டுப்பட்டது. இழந்த தசையை வயதான நாய் முழுதாக மீட்பது கடினம். கருப்பன் மீட்கவே இல்லை. அதன் பிறகும் மூன்று ஆண்டுகள் இருந்தான். ஏரிக்கரையை ஒருமுறைகூட அவனால் முழுதாகச் சுற்ற முடியவில்லை.

இதைச் சொன்னால் பலரிடமிருந்தும் வருகிற பதில்: "முடியாவிட்டால் அவனே நின்றிருப்பானே?" இந்தப் பதில்தான் எனக்குத் தாங்க முடியாத எரிச்சலைத் தருகிறது. நாய் பாதைக்காக வரவில்லை, உங்களுக்காக வருகிறது. நீங்கள் நடக்கும்வரை நடக்கும். நிற்க வேண்டியது நீங்கள்தான்.

என்ன செய்யலாம்? வார நாட்களின் நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வார இறுதி நடையைக் குறையுங்கள். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருக்கக் கூடாது. நாய் இன்னும் துள்ளிக்கொண்டிருக்கும்போதே திரும்பிவிடுங்கள். அன்றைய நடை அதிகமா, சரியா என்பதை மறுநாள் காலை சொல்லும். படுக்கையிலிருந்து எப்படி எழுகிறது, எத்தனை அடிக்குப் பிறகு விறைப்பு விடுகிறது என்று பாருங்கள். வழக்கத்தைவிட விறைப்பு கூடியிருந்தால் அடுத்த முறை பாதித் தூரம் போதும்.

வழியிலேயே தெரியும் அடையாளங்களும் உண்டு. முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும். பின்னங்கால் தளர்ந்திருந்தால் கெட்டியான தரையில் சரக், சரக் என்று நகம் உரசும் ஓசை கேட்கும். வீட்டுக்கு வந்ததும் பின்பாதத்தைக் கையில் ஏந்தி, நடுவிலிருக்கும் இரண்டு நகங்களைப் பாருங்கள். அவற்றின் மேற்புறம் அரம் போட்டதுபோலத் தேய்ந்து தட்டையாகியிருந்தால், நாய் காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து நடக்கிறது. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்; மூட்டு மட்டுமல்ல, முதுகுத்தண்டுக் கோளாறும் காரணமாக இருக்கலாம்.

மூச்சிரைப்பைக் களைப்பு என்று விட்டுவிடுவது

நாய்க்கு வியர்வை பாதங்களில் மட்டும்தான், அதுவும் சொற்பம். உடல் சூட்டை நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். இயல்பான வெப்பநிலை 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. வயதான பெரிய இன நாய்களில், குறிப்பாக லாப்ரடாரில், குரல்வளை சரியாகத் திறக்காத நோய் வருவதுண்டு. குரைப்பு கரகரத்துப்போவதும், மூச்சு உள்ளே போகும்போது இழுப்பதுபோல ஓசை கேட்பதும் அதன் அறிகுறிகள். அப்படிப்பட்ட நாயை வெயிலில் நடத்தவே கூடாது. எவ்வளவு இரைத்தாலும் அதற்குச் சூடு தணியாது.

புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். ஏழு விநாடி தாங்க முடியவில்லை என்றால் அந்தத் தரையில் நாய் நடக்க வேண்டாம். சூடு ஏறித் தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறுங்கள். ஈரத் துண்டால் போர்த்தாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். சூட்டைத் தணித்துக்கொண்டே மருத்துவரிடம் விரையுங்கள்.

காரில் விட்டுவிட்டு "ஐந்தே நிமிடம்"

செய்யாதீர்கள். பத்து நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரி ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை.

குதித்து இறங்க விடுவது

காரில் ஏறத் திணறும்போது எல்லோரும் கைகொடுக்கிறோம். இறங்கும்போது தானே குதித்துவிடுவதால் விட்டுவிடுகிறோம். நாய் நிற்கும்போதே உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்கள்தான் சுமக்கின்றன. குதிக்கும்போது முழு எடையும் அவற்றின் மேல் விழுகிறது. ஒரு சரிவுப் பலகை வைத்துக்கொள்ளுங்கள். வழுக்காத மேற்பரப்பு முக்கியம். முதல் சில நாட்கள் அதை வீட்டில் தரையில் கிடத்தி, அதன்மேல் நடக்கப் பழக்குங்கள். நேராகக் கார் வாசலில் சாய்த்து வைத்து "ஏறு" என்றால் பயந்து பக்கவாட்டில் தாவிவிடும்.

நம்முடைய வலி மாத்திரையைக் கொடுப்பது

ஒன்றுகூட வேண்டாம். இபுபுரூஃபன் வயிற்றையும் சிறுநீரகத்தையும், பாராசிட்டமால் கல்லீரலையும் கெடுத்துவிடும்.

கூப்பிட்டால் வரவில்லை என்று கோபிப்பது

பிடிவாதம் என்று நினைத்து அதட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். பாவம், அதற்குக் கேட்டிருக்காது. காது கொஞ்சம் கொஞ்சமாக மங்குவதால் வீட்டில் நமக்குத் தெரிவதில்லை. திறந்தவெளியில், காற்றும் இரைச்சலும் இருக்கும் இடத்தில்தான் வெளிப்படும். காது நன்றாக இருக்கும்போதே கையசைவுகளுக்குப் பழக்கிவிடுங்கள். புது இடத்தில் வாரை அவிழ்க்காதீர்கள். மங்கிய வெளிச்சத்தில் பார்வையும் குறையும் என்பதால் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது நல்லது. தூங்கும்போது பின்னாலிருந்து தொட்டு எழுப்ப வேண்டாம் என்று உடன் வரும் குழந்தைகளிடமும் சொல்லிவையுங்கள்.

மூக்கை அவசரப்படுத்துவது

தூரம் குறைந்தால் நாய்க்கு இன்பம் குறைந்துவிடும் என்று நினைத்து வாரை இழுத்துக்கொண்டே போகிறார்கள். கண்ணும் காதும் தளர்ந்த நாய்க்கும் மோப்பம் வெகுகாலம் நிற்கும். ஒரு புதர் அதற்கு அரை மணி நேர வேலை.

கடைசி ஆண்டில் கருப்பனின் உலா இருநூறு மீட்டருக்குள் அடங்கிவிட்டது. விழுந்து கிடந்த மரம் ஒன்று இருந்தது. வேரில் தொடங்கி நுனி வரை ஒரு விரற்கடை விடாமல் முகர்ந்துகொண்டு போவான். இடுப்பு தளர்ந்தால் தாங்கிப் பிடிக்க, அகலமான துண்டை வயிற்றுக்கடியில் கொடுத்து இரு முனைகளையும் கையில் தளர்வாகப் பிடித்திருப்பேன். நடுவில் ஒரு பொந்து. அங்கே மட்டும் காதுகள் முன்னால் வர, மூக்கு முழுவதையும் உள்ளே விட்டு வெகுநேரம் நிற்பான். முடிந்ததும் ஒரு தும்மல். பிறகு தானாகவே காரின் பக்கம் திரும்புவான்.