ஜப்பானியக் கிறிஸ்தவத்தைப் படிக்கத் தொடங்கும் முறை

1549இல் பிரான்சிஸ் சேவியர் ககோஷிமாவில் வந்திறங்கியதிலிருந்து தொடங்குவதே வழக்கம். ஆயினும் ஜப்பானியர் கிறிஸ்தவத்தைத் தமதாக்கிக்கொண்ட விதத்தை அறிய விரும்புவோர், 1614இல் நாடெங்கும் தடை விதிக்கப்பட்டதற்குப் பிந்தைய காலத்தை முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. குருமார் இல்லாத நிலையில், நாகசாகிப் பகுதியின் மீனவரும் உழவரும் தாமே ஞானஸ்நானம் கொடுத்து, ஜெபங்களை வாய்மொழியாகக் காத்து, பௌத்தரின் கருணைத் தெய்வமான கன்னோன் சிலையில் மரியாளைக் கண்டு வணங்கினர். போதனை எவ்வளவு திரிந்தது என்று அளப்பதைவிட, திருநாட்களை யார் கணித்தார்கள், ஞானஸ்நானத்தை யார் கொடுத்தார்கள் என்று கேட்டுப் படியுங்கள். 1865இல் நாகசாகியின் ஓஉரா ஆலயத்தில் இந்த மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் வெளிப்பட்ட பின்னும், சிலர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேராமல் முன்னோர் வழியிலேயே நின்றது ஏன் என்பதையும் ஆராயுங்கள்.

அடுத்து, சாமுராய்க் குடும்பத்தில் பிறந்த கிறிஸ்தவச் சிந்தனையாளர் உச்சிமுரா கான்சோவுக்கு வாருங்கள். கல்வி குறித்த பேரரசரின் ஆணைக்கு 1891இல் ஆழத் தலைவணங்கத் தயங்கியதால் ஆசிரியப் பணியை இழந்த அவர், இயேசுவையும் ஜப்பானையும் ஒருங்கே நேசிப்பதாகச் சொன்னவர். குருமாரும் சடங்குகளும் இன்றி, ஆசிரியரைச் சூழ்ந்து வேதம் படிக்கும் அவரது திருச்சபை சாரா இயக்கத்தை வெறும் மேலைநாட்டு எதிர்ப்பாக வாசிப்பது மேலோட்டமானது. குரு சீடர் உறவு அதில் வகித்த இடத்தைக் கவனியுங்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கடவுளின் வேதனையை மையமாக்கிய கிதாமோரி கசோவின் இறையியலை இறுதியில் படிக்கலாம். உச்சிமுரா ஆங்கிலத்திலும் எழுதியிருப்பதால், ஜப்பானிய மொழி அறியாதவர்கள் அவரது எழுத்தையே நேரடியாக வாசிக்கலாம்.