ஜெர்மனி வருகிறீர்களா? ஊரில் இருக்கும் கடனை முதலில் பாருங்கள்

வந்து இறங்கியதும் என்னென்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். இரண்டு வாரத்துக்குள் விலாசத்தைப் பதிவு செய்ய வேண்டும், மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும், பிளாக்டு அக்கவுன்ட்டில் (செலவுக்கென்று முன்பே போட்டு வைத்து, மாதாமாதம் விடுவிக்கப்படும் கணக்கு) இருந்து பணம் வந்து விழ இங்கே ஒரு வங்கிக் கணக்கு திறக்க வேண்டும், விசா முடியும் முன் ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு அப்பாயின்ட்மென்ட் பிடிக்க வேண்டும். கொஞ்சம் அலைச்சல்தான், ஆனால் எல்லாம் நடந்துவிடும். ஊரில் விட்டு வந்த கடனைப் பற்றி எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் கல்விக்கடன் 14 லட்சம். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் ஈடு கேட்பார்கள் என்பது தெரிந்ததுதான். கரூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுப் பத்திரத்தை அப்பா கொடுத்தார். என்னோடு சேர்ந்து கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். படிப்புக் காலத்திலும், முடிந்த பிறகு ஒரு வருடமும் தவணை இல்லை. மாக்டெபுர்க்கில் படிப்பை முடித்தேன், வேலை கிடைத்தது, மாதம் 23,700 ரூபாய் தவணை தொடங்கியது. வேறொரு வங்கியில் இருந்த என் பழைய சேமிப்புக் கணக்கிலிருந்து 5ஆம் தேதி தானாகப் பிடித்துக்கொள்ளும் ஈசிஎஸ்ஸில் (இப்போது அதன் பெயர் நாச்) போய்விடும். ஏழு மாதம் எந்தக் குறையும் இல்லாமல் போனது.

செப்டம்பர் கடைசியில் அந்தச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான ரூபாய்க் கணக்காக, மாற்றினேன். வெளிநாட்டில் வசிப்பவர்கள் சாதாரண சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்பது ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம். படிக்க வந்தவர்களுக்கும் இதே விதிதான், ஆனால் ஊரில் வாங்கிய கல்விக்கடன் அப்படியே தொடரலாம். படிவம் அனுப்பினேன், புதுக் கணக்கு எண் வந்தது. பழைய எண்ணை மூடினார்கள். அதோடு சேர்த்து ஈசிஎஸ் அனுமதியும் போய்விட்டது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. புதுக் கணக்குக்கு நான் மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டே இருந்தேன். பணம் அங்கே சும்மா கிடந்தது, தவணை ஒவ்வொரு மாதமும் திரும்பிக்கொண்டிருந்தது.

கடன் கொடுத்த வங்கி எஸ்எம்எஸ் அனுப்பத்தான் செய்தது. ஆனால் அவர்களிடம் இருந்தது என் பழைய இந்திய எண். ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் அந்த சிம் எப்போதோ செத்துப் போயிருந்தது. சேமிப்புக் கணக்கில் ஜெர்மன் எண்ணைக் கொடுத்திருந்தேன். கடன் கணக்கிலும் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஜனவரி 1, இங்கே விடுமுறை. அம்மா போன் செய்தார். புது வருடக் காலண்டர் மாட்டுவதற்காகப் பழைய தினசரிக் காலண்டரை ஆணியிலிருந்து எடுத்திருக்கிறார். அட்டைக்குப் பின்னால் ரப்பர் பேண்ட் போட்டு மூன்று விசிட்டிங் கார்டுகள். மூன்றும் ஒரே வசூல் ஏஜென்ட்டுடையவை. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் அப்பா தன் கையெழுத்தில் ஒரு தேதியும் தொகையும் எழுதி வைத்திருந்தார்.

அப்பாவுக்குத் தையல் கடை. ஏஜென்ட் கடைக்கே வந்து, பிளவுஸ் வாங்க வந்தவர்கள் நிற்கும்போது, ஸ்டூலில் உட்கார்ந்து எவ்வளவு பாக்கி என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் இரவு ஏழே முக்காலுக்கு வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார். அப்பா எனக்கும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. ஏன் அப்பா என்று கேட்டால், "நீயே அந்தக் குளிர்ல கெடக்கற கண்ணு, இதையும் எதுக்குச் சொல்றதுன்னு விட்டுட்டேன்" என்றார். அம்மாவின் செயினை அடகு வைத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று விசாரித்தும் வைத்திருந்தார். அதை எழுதும்போது இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

அன்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் தவணை தவறி 88 நாள். 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். ஈடு வைத்த வீடு என்றால் அதற்குப் பிறகு, ஈட்டை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ் வரலாம், கோர்ட்டுக்குப் போகாமலேயே. நெஃப்ட் விடுமுறை நாளிலும் ஓடும் என்பதால் பிழைத்தேன். மூன்று தவணையையும் அபராதத்தையும் அன்றே கடன் கணக்குக்கு நேராக அனுப்பினேன்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். என்ஆர்ஓவாக மாற்றும் அன்றைக்கே கணக்கு எண் மாறுகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். மாறினால் புது எண்ணுக்குப் புது ஈசிஎஸ் அனுமதி கையெழுத்துப் போட்டு, அடுத்த தவணை உண்மையிலேயே போனதா என்று கடன் கணக்கில் பாருங்கள். பணம் அனுப்பிய ரசீதைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். இந்திய சிம்மை உயிரோடு வைத்திருங்கள், ரோமிங்கைக் கிளம்பும் முன்பே போடுங்கள். கடன் கணக்கில் மின்னஞ்சலையும் தனியாகப் பதிவு செய்யுங்கள். அப்புறம் வீட்டில் சொல்லி வையுங்கள்: வங்கியிலிருந்து யார் வந்தாலும், என்ன காகிதம் வந்தாலும், அன்றைக்கே படமெடுத்து அனுப்ப வேண்டும். நம் அப்பா அம்மா தாமாகச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும். இப்போது ஒவ்வொரு 6ஆம் தேதியும் கடன் கணக்கில் வரவு ஏறியதைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்புகிறேன்.

ஏஜென்ட் விஷயத்தில் பயப்பட வேண்டாம். காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ தொந்தரவு செய்யக் கூடாது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அப்பா கார்டில் எழுதி வைத்த தேதிகளைப் போட்டு வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினேன். அதன் பிறகு யாரும் வரவில்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம்.

இங்கே கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் ஷூஃபா நிறுவனத்துக்கு நம் ஊர்க் கடன் தெரியாது. அதனால் கிரெடிட் கார்டு பாக்கியை விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். என் நண்பர் ஒருவர் 62,000 பாக்கிக்கு 25,000 கட்டி "செட்டில்" செய்தார். சிபில் அறிக்கையில் 'க்ளோஸ்டு' என்று வராமல் 'செட்டில்டு' என்று ஏறிவிட்டது. கோவையில் வீட்டுக்கடன் கேட்டபோது அந்த ஒரு சொல்லிலேயே நின்றுபோனது. முழுதும் கட்டி, மூடச் சொல்லி எழுதிக் கேளுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலைநாளில் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் அவர்கள் தர வேண்டும்.

ஃபைனான்ஸிலோ தெரிந்தவரிடமோ வாங்கியிருந்தால், கையெழுத்து மட்டும் போட்ட வெற்று செக்கைக் கிளம்பும் முன் திரும்ப வாங்குங்கள். தவணை தவறுவது சிவில் விவகாரம். அந்தச் செக் திரும்பினால் செக் மோசடிக்கான 138ஆவது பிரிவில் கிரிமினல் வழக்காகிவிடும், நீங்கள் இங்கே இருப்பீர்கள். புரோநோட்டு கடனைக் கட்டி முடித்தால் நோட்டையே கையில் வாங்குங்கள். பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துக் கேட்டால், வழக்குப் போடுவதற்கான மூன்று வருடக் கெடு அந்தத் தேதியிலிருந்து மறுபடி ஓடும் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

கல்விக்கடன் முடியும் நாளுக்கும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. வங்கி 30 நாளில் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய். பத்திரம் கைக்கு வந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். பத்திரத்தை ஒப்படைத்ததைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருப்பார்கள். கடன் தீர்ந்த ரசீதையும் அங்கே பதிவு செய்யும் வரை வில்லங்கச் சான்றில் அந்தக் கடன் நின்றுகொண்டே இருக்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இரண்டு வேலைநாளை இதற்கென்று ஒதுக்கி, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் முடித்துவிட்டு, புதிதாக ஒரு வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.