மழலையர் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் குடும்பத்துக்கு உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் வருடம் எங்கள் குழு செய்த முதல் காரியம், எழுத்து அட்டை அச்சடித்தது. நூலகத்தின் பின்னறையில் பத்துப் பதினைந்து குடும்பங்களை உட்காரவைத்து ஆளுக்கொரு கட்டு கொடுத்தோம். ஓர் அம்மா அட்டையைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அட்டை இருக்கட்டும்ங்க. இவனுக்கு இன்னும் டவுசர் பட்டனைக் கழற்றத் தெரியாது. அங்கே பாத்ரூம் போகணும்னா யாரைக் கூப்பிடுவான்?" என்று கேட்டார். எங்கள் யாரிடமும் பதில் இல்லை. அந்தப் பள்ளியில் கழிப்பறை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

சின்னப் பிள்ளையை முதன்முதலாகப் பள்ளிக்கு அனுப்பப்போகும் வீட்டுக்கு உதவ நினைக்கும் அக்கம்பக்கத்தார், நூலகங்கள், தன்னார்வக் குழுக்கள் எல்லோருமே வழுக்கி விழுகிற இடம் ஏறக்குறைய இதுதான். அந்த வீடு எதை நினைத்துத் தவிக்கிறது என்று கேட்பதற்கு முன்பே, நம் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

எழுத்து தெரிந்தால் தயார் என்று நினைப்பது

ஜெர்மனியில் ஃப்ரெட்ரிக் ஃப்ரோபெல் 1837-இல் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சின்னக் குழந்தைகளுக்காக ஓர் இடத்தைத் தொடங்கினார். 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயர் வைத்தார். கம்பளிப் பந்து, மரக்கட்டை, பாட்டு, செடி வளர்ப்பு என்று விளையாட்டைச் சுற்றியே அவருடைய முறை இருந்தது. அப்படித் தொடங்கிய வகுப்புக்குள் நுழைவதற்கு முன்பே பிள்ளை எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று இன்று நாம் பதறுவது கொஞ்சம் வேடிக்கைதான்.

1990-களில் அமெரிக்காவின் தேசியக் கல்வி இலக்குகள் குழு, பள்ளிக்குத் தயாராவது என்பதை ஐந்து பக்கங்களாகப் பிரித்தது: உடல்நலமும் கைகால் திறனும், பிறரோடு பழகுவதும் உணர்வுகளும், கற்பதில் காட்டும் ஆர்வமும் அணுகுமுறையும், மொழி, பொது அறிவு. நம் அட்டைக் கட்டு இதில் எவ்வளவைத் தொடுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

எழுத்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டால் சொல்லிக்கொடுக்கலாம், தடையில்லை. ஆனால் ஒரு குழுவுக்கு வாரம் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால், சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் தானே திறப்பது, செருப்பை மாட்டுவது, கை கழுவுவது, தன் முறை வரும்வரை காத்திருப்பது, வேண்டியதை வாய்விட்டுக் கேட்பது ஆகியவற்றுக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள். இருபது பிள்ளைகளுக்கு நடுவில் முதல் நாளே கைகொடுப்பவை இவை.

புத்தகத்தை மட்டும் கொடுத்துவிட்டு வருவதும் இதே வகைத் தவறு. புத்தகம் நல்ல பரிசு, சந்தேகமில்லை. ஆனால் எப்படிச் சேர்ந்து வாசிப்பது என்று ஒருமுறையாவது உட்கார்ந்து காட்ட வேண்டும். குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வாசிக்கும்போது நடுநடுவே நிறுத்தி "இது என்ன பண்ணுது?", "அப்புறம் என்ன ஆகும்?" என்று கேட்கவும், பிள்ளை சொன்ன பதிலோடு இரண்டு வார்த்தை சேர்த்துத் திருப்பிச் சொல்லவும் பெற்றோருக்குப் பழக்கினார்கள். ஒரே மாதத்தில், வழக்கம்போல வாசித்த வீட்டுப் பிள்ளைகளைவிட இந்தப் பிள்ளைகளின் பேச்சு முன்னே போயிருந்தது. வாசிக்கத் தெரியாத பெரியவரும் படத்தைக் காட்டி இதைச் செய்யலாம். இந்த ஒரு விஷயத்தைச் சொன்னதும் ஒரு தாத்தாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"இனிமேல் வீட்டிலும் பள்ளி மொழியிலேயே பேசுங்கள்"

குழுக்கள் நல்லது என்று நினைத்துச் சொல்லும் யோசனைகளிலேயே அதிகக் கெடுதல் செய்வது இதுதான் என்பது என் கருத்து. பள்ளியில் ஒரு மொழி, வீட்டில் வேறு மொழி என்றால், வீட்டு மொழியை ஓரம்கட்டச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பிள்ளைக்குப் பேச்சு வர வேண்டிய காலத்துக்குமேல் தாமதமாகிவிடாது. ஒரு மொழியில் கதை சொல்லவும், காரணம் கேட்கவும், எண்ணவும் பழகிய பிள்ளை அந்தத் திறமையை அடுத்த மொழிக்கும் எடுத்துக்கொண்டுதான் போகிறது.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. தனக்குச் சரளமாக வராத மொழியில் பேசு என்றால் எந்தப் பெரியவரும் பேச்சைக் குறைத்துக்கொள்வார். தினமும் இரவு கதை சொல்லிக்கொண்டிருந்த ஓர் அப்பா, எங்கள் பேச்சைக் கேட்டுப் பள்ளி மொழிக்கு மாறினார். இரண்டே வாரத்தில் கதை நின்றுபோய், "வா", "சாப்பிடு", "தூங்கு" மட்டும் மிஞ்சியது. பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவில் பேச்சே இல்லாமல் போயிற்று. நாங்களே போய், பழையபடி பேசுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். அசடு வழியத்தான் செய்தது.

அதற்குப் பதிலாக, பள்ளி மொழியில் ஐந்தாறு வாக்கியங்கள் மட்டும் விளையாட்டுப்போல் பழக்கலாம்: தண்ணீர் வேண்டும், கழிப்பறை போக வேண்டும், வலிக்கிறது, எனக்குப் புரியவில்லை, எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம், பிள்ளை வீட்டில் இவற்றுக்கு என்ன சொல்லும் என்று ஒரு தாளில் எழுதி ஆசிரியரிடம் கொடுக்கலாம். பிள்ளை மட்டும் பள்ளிக்குத் தயாரானால் போதாது, பள்ளியும் பிள்ளைக்குத் தயாராக வேண்டும் அல்லவா?

எல்லோர் முன்னாலும் சோதிப்பது

"எங்கே, ஒன்று முதல் இருபதுவரை சொல்லு பார்ப்போம்" என்று கூட்டத்தில் ஒரு பிள்ளையைக் கேட்டால், சொல்லத் தெரியாத மற்றப் பிள்ளையின் அம்மா அடுத்த வாரம் வரமாட்டார். உதவி அதிகம் தேவைப்படும் வீடுதான் இப்படி முதலில் நழுவிப் போகும்.

ஒப்பிடுவதில் கணக்குப் பிழையும் இருக்கிறது. சேர்க்கைக்கான பிறந்த தேதி வரம்புக்குள் முதலில் பிறந்த பிள்ளைக்கும் கடைசியில் பிறந்த பிள்ளைக்கும் ஒரே வகுப்பில் ஏறக்குறைய 12 மாத வித்தியாசம் இருக்கலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது இதுவரை வாழ்ந்த காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பேச்சு, பொறுமை, பென்சில் பிடிக்கும் விரலின் பலம் எல்லாவற்றிலும் அந்த வித்தியாசம் தெரியும்.

அதற்காக எதைப் பார்த்தாலும் "போகப் போகச் சரியாகிவிடும்" என்று தேற்றுவதும் தவறு. இரண்டில் இதுதான் பெரிய தவறு என்றுகூடச் சொல்வேன். கண்ணும் காதும் காத்திருக்காது. சோம்பேறிக் கண் என்கிற குறையில் ஒரு கண்ணின் பார்வை மங்கினாலும் மற்றக் கண் சரியாகப் பார்ப்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. ஏழு வயதுக்கு முன்னால் கண்டுபிடித்தால் சிகிச்சைக்குப் பலன் நன்றாக இருக்கும். மூன்று முதல் ஐந்து வயதுக்குள் ஒருமுறையாவது பார்வையைச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு பரிந்துரைக்கிறது. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளையின் நடுக்காதில் நீர் சேர்ந்து கொஞ்ச நாள் கேட்பது மந்தமாகலாம். நாம் அதற்கு 'சொன்ன பேச்சு கேட்காதவன்' என்று பட்டம் கட்டிவிடுவோம்.

தன்னார்வலர் டாக்டராகிவிடக் கூடாது, அதுவும் சரி. "டிவியை ரொம்பக் கிட்டப் போய்ப் பார்க்கிறானே, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லையே" என்று பார்த்ததை மட்டும் தனியாக, தாழ்ந்த குரலில் சொல்லி, எங்கே காட்டலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

பையைக் கொடுத்துப் படம் எடுப்பது

பள்ளிப் பை, தண்ணீர் பாட்டில், வரிசையில் நிற்கவைத்து ஒரு போட்டோ. பிள்ளைகளின் முகத்தை ஊருக்கெல்லாம் காட்ட நமக்கு என்ன உரிமை என்பது தனிக் கதை. பல வீடுகளில் சிக்கல் பையில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. சேர்க்கை எப்போது முடிகிறது, எந்தச் சான்றிதழ் வேண்டும், தடுப்பூசி அட்டை தொலைந்துவிட்டால் என்ன செய்வது? படிவத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக்கொடுக்கும் ஒருவர் பத்துப் பைகளுக்குச் சமம்.

கூட்டத்தை வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு வைத்துவிட்டு, பெற்றோருக்கு அக்கறையில்லை என்று அலுத்துக்கொள்வதையும் பார்க்கிறேன். வேலையை விட்டு யார் வருவார்? பகல் முழுவதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியையோ பெரியம்மாவையோ நாம் அழைப்பதே இல்லை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரலாமா என்று தெரியாமல் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். வரலாம் என்று அழைப்பிலேயே ஒரு வரி போட்டால் போதும்.

யார் பேசுகிறார் என்பதும் முக்கியம். பிள்ளையை வீட்டிலேயே பள்ளிக்குத் தயார்செய்யப் பெற்றோருக்குப் பழக்குகிற 'ஹிப்பி' (HIPPY) என்ற திட்டத்தை 1969-இல் ஜெருசலேமில் அவிமா லொம்பார்ட் என்ற கல்வி ஆய்வாளர் தொடங்கினார்; பிறகு அது பல நாடுகளுக்குப் பரவியது. அதில் வீடு வீடாகப் போவது நிபுணர் இல்லை. அதே பகுதியில் இருந்து வந்து பயிற்சி பெற்ற பெற்றோர்தான் போகிறார்கள். போன வருடம் பிள்ளையைச் சேர்த்த அம்மா சொல்வதை இந்த வருட அம்மா கேட்கும் விதமே வேறு.

முதல் நாளும் அதற்குப் பிறகும்

பள்ளியைப் பூச்சாண்டியாக்காதீர்கள். "இப்படிப் பண்ணினால் டீச்சரிடம் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டி வளர்த்தால் அந்த டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை எப்படி உள்ளே போகும்? முதல் நாள் பிள்ளை பார்க்காதபோது நைசாக நழுவுவதும் வேண்டாம். அழுதாலும் சொல்லிவிட்டு, சிரித்த முகத்தோடு, சுருக்கமாகக் கிளம்ப வேண்டும். எப்போது திரும்பி வருவோம் என்பதைப் பிள்ளைக்குப் புரிகிற அடையாளத்தோடு சொல்லலாம்: பாட்டு முடிந்ததும், விளையாடி முடித்ததும்.

தூக்கத்தைக் கடைசி இரவில் சரிசெய்யப் பார்ப்பதும் நடக்காத காரியம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தை முன்னே கொண்டுவந்தால் அழுகை பாதி குறையும்.

பள்ளி திறந்த அன்றோடு குழுக்கள் கடையைக் கட்டிவிடுகின்றன. நாங்களும் அப்படித்தான் செய்தோம். முதல் வாரம் துள்ளிக்கொண்டு போன பிள்ளை, இது தினமும் தொடரும் என்று புரிந்ததும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் அடம்பிடிப்பது உண்டு. வீட்டில் யாராவது பேசினால் தேவலை என்று தோன்றும் நேரம் அது. இப்போது மூன்றாவது வாரம் ஆளுக்கு நான்கு வீடு என்று பிரித்துக்கொண்டு போன் செய்கிறோம்.

அந்தப் பட்டன் அம்மாவுக்கும் பேசினேன். "இடுப்பில் எலாஸ்டிக் வைத்த டவுசருக்கு மாறிவிட்டோம், அது தீர்ந்தது" என்றார். "இப்போ பள்ளியில் சமர்த்தாக இருக்கிறான், வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் அழுகிறான். இது எதனால்?" அங்கே நாள் முழுவதும் அடக்கிவைத்ததை இங்கே இறக்கிவைக்கிறான், வந்ததும் கேள்வி கேட்காமல் கொஞ்சம் சாப்பிடக் கொடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "அடுத்த வருடம் கூட்டத்தில் இதை நானே சொல்கிறேன்" என்றார்.