ஒரு கையையே நீட்டும் குழந்தை: பச்சிளம் பருவம் முதல் பள்ளி வரை பக்கவாதத்தை எதிர்கொள்ளும் வழி

ஆறு மாதக் குழந்தையை மடியில் நேராக உட்கார வைத்து, நெஞ்சுக்கு நேரே நட்ட நடுவில் ஒரு கிலுகிலுப்பையை நீட்டுங்கள். பத்துத் தடவை நீட்டினால் சில தடவை வலது கை வரும், சில தடவை இடது கை வரும், சில தடவை இரண்டும் சேர்ந்தே வரும். பத்துத் தடவையும் ஒரே கைதான் வருகிறது, மற்றக் கை கட்டைவிரலை உள்ளே மடக்கி மூடியபடி உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது என்றால் அதைச் சும்மா விடக் கூடாது. "தாத்தா மாதிரியே நொட்டாங்கை" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். கைப் பழக்கம் பொதுவாக ஒன்றரை, இரண்டு வயதுக்கு மேல்தான் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும். ஒரு வயதுக்குள்ளேயே குழந்தை ஒரு கையை மட்டும் நம்பியிருந்தால், மற்றக் கைக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, பிறப்பை ஒட்டி வந்து, யாருக்கும் தெரியாமல் போன பக்கவாதம்.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடலாம், வெடிக்கலாம், மூளையிலிருந்து ரத்தம் வடிகிற சிரையில் ரத்தம் கட்டியாக உறையலாம். மூன்றும் பக்கவாதம்தான். கர்ப்பத்தின் 28-ஆவது வாரத்திலிருந்து பிறந்து 28 நாள் வரைக்கும் இந்த ஆபத்து, குழந்தைப் பருவத்தின் வேறு எந்தக் கட்டத்தையும்விட அதிகம். ஆனால் பச்சிளம் குழந்தையிடம் கை தொங்கிப்போவது கண்ணில் படாது. அங்கே அது வலிப்பாகத்தான் வரும். பிறந்த முதல் இரண்டு மூன்று நாளில் ஒரு கையோ ஒரு காலோ மட்டும், தாளம் போடுவதைப் போல வெட்டி வெட்டி இழுக்கும். சில குழந்தைகள் சற்று நேரம் மூச்சு விடாமல் இருந்து நீலம் பாயும். சாதாரண நடுக்கமா, வலிப்பா என்று பார்க்க அந்தக் கையை மெல்லப் பிடியுங்கள். நடுக்கம் என்றால் பிடித்ததும் அடங்கிவிடும். வலிப்பு என்றால் உங்கள் பிடிக்குள்ளேயே துடித்துக்கொண்டிருக்கும். செவிலியரைக் கூப்பிட்டுக்கொண்டே செல்போனில் படம் பிடித்து வையுங்கள். மருத்துவர் வரும்போது இழுப்பு நின்றிருக்கும், அப்போது அந்தப் படம்தான் பேசும்.

வலிப்பும் வராமல் போன குழந்தைகளைத்தான் நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் கை காட்டிக்கொடுக்கிறது. கிலுகிலுப்பையோடு இன்னும் இரண்டைப் பாருங்கள். துணி மாற்றும்போது ஒரு பக்கக் கால் மட்டும் விறைத்து, விரிக்க வராமல் இருக்கிறதா? தவழும்போது ஒரு கையை மடக்கி, பூட்டிய சக்கரம் போல இழுத்துக்கொண்டு போகிறதா? ஒன்று இருந்தாலும் அடுத்த தடுப்பூசி வரை காத்திருக்க வேண்டாம். அரசின் சிறார் நலத் திட்டத்தில் மாவட்டங்களில் தொடக்க நிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சீட்டு எழுதி அனுப்புவார்கள். எம்.ஆர்.ஐ. முடிவு கைக்கு வரும் வரை பயிற்சியைத் தள்ளிப்போடக் கூடாது. பிசியோதெரபி தொடங்க நோயின் பெயர் தேவையில்லை, கையில் வித்தியாசம் தெரிந்தாலே போதும்.

ஓடியாடும் பிள்ளைக்குத் திடீரென வந்தால்

ஒரு பக்கம் வாய் கோணுவது, ஒரு கை அல்லது கால் தொங்கிப்போவது, பேச்சு குழறுவது அல்லது அப்படியே நின்றுபோவது. இவை பெரியவர்களுக்கு வருவது போலத்தான். குழந்தைகளிடம் இவற்றோடு வலிப்பும், கடுமையான தலைவலியும் வாந்தியும், நடை தள்ளாட்டமும் சேர்ந்து வரும். நாள் வீணாவதற்கும் அதுதான் காரணம். "வலிப்பு வந்த அசதி, தூங்கி எழுந்தால் கை சரியாகிவிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். வலிப்புக்குப் பிறகு சிறிது நேரம் கை சோர்ந்து மீள்வது உண்டுதான். ஆனால் இது அதுவா, பக்கவாதமா என்பதை ஸ்கேன் எடுத்துத்தான் சொல்ல முடியும், வீட்டில் சொல்ல முடியாது.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். குழந்தை கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 108-ஐ அழைத்து, "மயக்கம்" என்று சொல்லாமல், "பக்கவாதம் மாதிரி இருக்கிறது, ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்" என்றே சொல்லுங்கள். குழந்தையைப் படுக்க வையுங்கள். வாந்தி வந்தாலோ வலிப்பு வந்தாலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், சோடா, சர்க்கரைத் தண்ணீர், மாத்திரை எதுவுமே வேண்டாம். விழுங்கும் தசையும் செயலிழந்திருந்தால் அது நுரையீரலுக்குப் போய்விடும். வீட்டில் தாத்தாவுக்கு வாங்கிய ஆஸ்பிரினை எடுத்துக் கொடுப்பது எல்லாவற்றையும்விட ஆபத்து. அடைப்பா, ரத்தக் கசிவா என்று தெரியாத நேரத்தில் அது கசிவைக் கூட்டிவிடும். புறா ரத்தம் தேய்க்கிற வழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. அதனால் ஒரு பயனும் இல்லை. அந்தப் புறாவைத் தேடிப் போகிற நேரம்தான் நஷ்டம்.

மருத்துவமனையில் முதலில் சர்க்கரை அளவைப் பார்ப்பார்கள், ஏனென்றால் சர்க்கரை இறங்கினாலும் ஒரு பக்கம் சோரலாம். அடைப்பு வந்த முதல் சில மணி நேரத்தில் சி.டி. ஸ்கேன் சரியாக இருப்பது போலவே காட்டலாம். சி.டி. சுத்தமாக இருக்கிறது, கை மட்டும் இன்னும் எழவில்லை என்றால், எம்.ஆர்.ஐ.யும் ரத்தக் குழாய்களின் படமும் எடுப்பார்களா என்று கேளுங்கள். பெரியவர்களுக்கு நாலரை மணி நேரத்துக்குள் போடும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி குழந்தைகளுக்கு வழக்கமான சிகிச்சை இல்லை. ஆளைப் பார்த்து, ஆராய்ந்துதான் போடுவார்கள். அதற்காக அவசரம் இல்லை என்று ஆகிவிடாது. காய்ச்சல், வலிப்பு, ரத்த அழுத்தம் இவற்றை அடக்கி வைக்கிற ஒவ்வொரு மணியும் மிச்சமிருக்கிற மூளையைக் காக்கிறது.

மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. கடந்த ஒரு வருடத்துக்குள் அம்மை போட்டதா? சின்னம்மைக் கிருமி மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரைத் தாக்கி, மாதக் கணக்கு கழித்தும் அடைப்பை உண்டாக்கும். இதயத்தில் ஓட்டை, கழுத்தில் அடி, காதில் சீழ், கடும் வயிற்றுப்போக்கு, ரத்தசோகை எல்லாமே முக்கியம். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தை கட்டிலிலிருந்து லேசாக விழுந்து, அடுத்த சில நிமிடத்திலோ ஒன்றிரண்டு நாளிலோ ஒரு கை தொங்கிப்போவது இந்தியாவில் அடிக்கடி பார்க்கும் ஒரு வகை. மூளையின் ஆழத்தில் உள்ள நுண்குழாய்களில் சுண்ணாம்பு படிந்திருப்பது மெல்லிய சி.டி. வெட்டுகளில் புள்ளிகளாகத் தெரியும். இந்த வகையில் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே தேறுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. தேம்பித் தேம்பி அழுதபின், பலூன் ஊதியபின், சூடான சாதத்தை ஊதி ஊதித் தின்றபின் ஒரு கை சில நிமிடம் சோர்ந்து, தானாகச் சரியாகிவிடும். "பிடிவாதத்தில் கையைத் தொங்கவிடுகிறான்" என்பார்கள். வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து மூளைக் குழாய்கள் சுருங்கும். ஏற்கெனவே குறுகிப்போன குழாய் என்றால் அந்தப் பக்கம் பட்டினி கிடக்கும். மோயாமோயா என்ற நோயின் அடையாளம் இது. 1969-இல் ஜப்பானிய மருத்துவர்கள் வைத்த பெயர், புகைச்சுருள் போல என்று பொருள். அறுவை சிகிச்சையால் புதிய ரத்த வழி அமைக்க முடியும், அதனால் கை திரும்பிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். அழாமல் பார்த்துக்கொண்டு, உடனே காட்டுங்கள்.

நீலகிரியின் பழங்குடிச் சமூகங்களில் காணப்படும் அரிவாள் செல் நோயில், அதாவது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகிற பரம்பரை நோயில், கதை வேறு. அங்கே பக்கவாதத்தை வருமுன்னே கண்டுபிடிக்கலாம். இரண்டு வயது முதல் பதினாறு வயது வரை வருடம் ஒருமுறை, தலையோட்டின் மேல் டாப்ளர் என்ற ஒலி அலைக் கருவி வைத்து, மூளைக் குழாய்களில் ரத்தம் ஓடும் வேகம் பார்க்க வேண்டும். நொடிக்கு 200 செ.மீ. அல்லது அதற்கு மேல் ஓடினால் ஆபத்து. முறையாக ரத்தம் ஏற்றினால் முதல் பக்கவாதம் வருகிற வாய்ப்பு பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைகிறது என்று 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது.

கைக்குச் சேர வேண்டிய நேரம்

வளரும் மூளை எந்தக் கையிலிருந்து வேலை வருகிறதோ அதற்குத்தான் இடம் ஒதுக்கும். ஒதுங்கிக் கிடக்கும் கைக்கு இடம் சுருங்கிக்கொண்டே போகும். அதனால்தான் நல்ல கையைக் கொஞ்ச நேரம் கட்டிப்போடுகிற பயிற்சி வந்தது. கைக்குழந்தைக்கு மூன்று முதல் எட்டு மாதத்துக்குள் தொடங்கலாம்: நல்ல கையில் மென்மையான பருத்தி உறை, தினம் 30 நிமிடம், வாரம் ஆறு நாள், ஆறு வாரம். இடைவெளி விட்டு இன்னொரு ஆறு வாரம். இரண்டு வயதுக்கு மேல் தினம் இரண்டு மணி நேரம் வரை, எட்டு வாரம். ஒரே மூச்சில் வேண்டாம், அரை மணியாகப் பிரித்துக்கொள்ளலாம். நடக்கிற குழந்தைக்கு உறை போட்டால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், விழுந்தால் ஊன்றக் கை இருக்காது.

பலர் தோற்பது எங்கே என்றால், உறையைப் போட்டுவிட்டுப் பந்தைக் கொடுத்து "எடு, எடு" என்பதில். முடியாததைக் கொடுத்தால் குழந்தை அழும், மூன்றாம் நாள் உறையைப் பார்த்தாலே ஓடும். இப்போது முடிகிறதைவிட ஒரு படி மட்டும் கடினமாகக் கொடுங்கள். பிடிக்கவே வராத கைக்குச் சோப்பு நுரையைத் தட்டுவது, தண்ணீர் வாளியில் அளைவது. பிடிக்க வந்து விடத் தெரியாத கைக்குப் பொருளைப் பாத்திரத்தின் விளிம்பில் அழுத்தி விடுவிப்பது. விரல் நுனி தெளிந்த பிள்ளைக்குப் பல்லாங்குழி, அதுவும் நலிந்த கையால் மட்டும். மூன்று வயதுக்குக் கீழே சோழியும் புளியங்கொட்டையும் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

அதற்குப் பிறகு இரண்டு கைக்குமான வேலை. வாழ்க்கையில் நலிந்த கை தனியாக எதையும் செய்யப் போவதில்லை, நல்ல கைக்குத் துணையாகத்தான் நிற்கப் போகிறது. பட்டாணி உரிப்பது, வாழைப்பழத்தோல் உரிப்பது, டிபன் பாக்ஸ் மூடி திறப்பது, சப்பாத்திக் கட்டை உருட்டுவது, பூத்தொடுப்பது. ஒரு கையால் செய்யவே முடியாத வேலையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முடிகிற வேலையென்றால் குழந்தை நல்ல கையாலேயே முடித்துவிடும்.

சாப்பாட்டில் ஒரு தகராறு வரும். வலது கை நலிந்த பிள்ளை இடது கையால் சாப்பிட்டால் விருந்தில் முகம் சுளிப்பார்கள். சாப்பாடு பயிற்சி நேரம் கிடையாது. பசியோடு இருக்கிற பிள்ளையை வலது கையால் சாப்பிடச் சொன்னால் பாதிச் சோறு தரையில் கிடக்கும், மீதி வயிற்றுக்குப் போதாது. இடது கையால் சாப்பிடட்டும். வலது கை தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளட்டும். அதுவே அதற்கு வேலை. இடது கை நலிந்த பிள்ளைக்குக் கழிவறைதான் சிக்கல். வலது பக்கம் தண்ணீர் பீய்ச்சும் கைக்குழாய் ஒன்று மாட்டினால் தீர்ந்தது.

எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை, ஆனால் விறைத்த முட்டியை வலுவாக இழுத்து நீட்டக் கூடாது. இறுக்கம் தளரும் வரை மெதுவாக நீட்டி, 30 நொடி அப்படியே வைத்திருந்து விட வேண்டும்.

கால், கையைவிடச் சீக்கிரம் தேறும். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு வயதையொட்டி நடந்துவிடுவார்கள், குதிகால் தரையில் படாமல். அதற்குத்தான் கணுக்கால் அணைப்பான். நம் வீடுகளில் செருப்பைக் கழற்றிவிடுகிறோம், வெறும் பிளாஸ்டிக் அணைப்பான் மொசைக் தரையில் வழுக்கும். செய்து தருகிறவரிடமே அடியில் ரப்பர் ஒட்டித் தரச் சொல்லுங்கள். உள்ளே பருத்திக் காலுறை போடுங்கள். கழற்றியபின் தோல் சிவப்பு அரை மணியில் மறையாவிட்டால் அளவு சரியில்லை. வளரும் கால் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள்.

பிறகு கண்காணிக்க வேண்டியவை

வலிப்பு மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரலாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைப் பாருங்கள், கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவர் எடைக்கேற்ப எழுதிக்கொடுத்த மிடசோலம் மூக்கு ஸ்பிரேயை அடித்து, ஆம்புலன்ஸை அழையுங்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளையின் பேச்சோ படிப்போ மாதக் கணக்கில் பின்னோக்கிப் போனால், கண்ணுக்குத் தெரியும் வலிப்பு இல்லாவிட்டாலும் தூக்கத்தில் எடுக்கும் இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை) தேவை.

ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்திருந்தால் பெரும்பாலும் கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி., தினம் ஒருவேளை. பிள்ளைக்கு ஃப்ளூ காய்ச்சலோ சின்னம்மையோ வந்தால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய்ஸ் என்ற அரிய நோய்க்கு அப்போது வாய்ப்பு உண்டு. ஃப்ளூ, சின்னம்மை இரண்டுக்குமான தடுப்பூசிகளை முன்பே போட்டுவிடுவது நல்லது.

இடது மூளை அடிபட்ட சிசுவும் பேசக் கற்றுக்கொள்ளும். வலது பாதி அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். ஒன்றாம் வகுப்பில் குறை தெரியாது. நான்காம், ஐந்தாம் வகுப்பில் நீண்ட கதையைக் கோவையாகச் சொல்வது, கணக்கை மனதில் பிடித்து வைத்திருப்பது, வேகமாக எழுதுவது என்று கேட்கும்போதுதான் பிடிபடும். இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து டியூஷனைக் கூட்டினால் சாயங்காலம் பிள்ளை சுருண்டு விழும். மூளைச் சோர்வு உண்மையானது. உளவியல் மதிப்பீடு ஒன்று எடுத்து, அறிக்கையைப் பள்ளியில் கொடுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று ஊனச் சான்றிதழ் கிடைத்தால், பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுத ஆளும் கேட்கலாம். தேர்வு நேரத்தில் அலையாமல், கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பியுங்கள்.

தட்டில் எப்போதும் ஒரே பக்கத்துச் சோறு மிஞ்சுகிறதா, நோட்டில் ஒரு ஓரத்து எழுத்து விடுபடுகிறதா, ஒரே பக்கக் கதவு நிலையில் இடித்துக்கொள்கிறானா என்று பாருங்கள். கண் நன்றாக இருந்தும் பார்வையின் பாதி மறைந்திருக்கலாம், கண்ணாடியால் அது சரியாகாது. இடது பாதி தெரியாத பிள்ளையை வகுப்பின் இடது ஓரத்தில் உட்கார வைத்தால் கரும்பலகையும் ஆசிரியரும் மற்றப் பிள்ளைகளும் அவனுக்குத் தெரிகிற வலது பக்கத்தில் இருப்பார்கள். வலது பாதி தெரியாவிட்டால் வலது ஓரம். சாலையைக் கடக்கும்போது மறைந்த பக்கம் தலையை முழுதாகத் திருப்பிப் பார்க்க, வீட்டு வாசலில் இருந்தே பழக்குங்கள்.