குமரி மாவட்டத்தில் பூட்டன் (கொள்ளுத்தாத்தா) வரலாற்றைத் தேடுவது எப்படி?

முதல் வேலை வீட்டில்தான். மூத்தவர்களிடம், குறிப்பாகப் பாட்டிமாரிடம் உட்கார்ந்து பேசி போனில் பதிவு செய்யுங்கள். பெயர் மட்டும் போதாது. குடியிருந்த விளை (தோட்ட நிலம்), வீட்டுப்பேர், பெண் எடுத்த ஊர், அடக்கம் செய்த இடம் எல்லாம் வேண்டும். பாட்டா (தாத்தா) பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால் ஒரே பெயரில் நாலு பேர் வருவார்கள், அவர்களைப் பிரித்துக் காட்டுவது வீட்டுப்பேர்தான்.

அடுத்து பத்திரங்கள். என்னைக் கேட்டால் இதைவிட நல்ல சாட்சி இல்லை. பழைய கிரயப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவரின் தகப்பனார் பெயர், ஊர், சில நேரம் வயதும் தொழிலும்கூட இருக்கும். பாகப்பத்திரம் கிடைத்துவிட்டால் கூடப்பிறந்த பலரும் ஒரே தாளில் வந்துவிடுவார்கள். நாலெல்லையில், அதாவது நிலத்தின் நான்கு பக்க எல்லை விவரத்தில் வரும் பெயர்களை விட்டுவிடாதீர்கள், பக்கத்து விளைக்காரர் பல நேரம் பங்காளியாகவே இருப்பார். கையில் பத்திரம் இல்லையா? சர்வே எண்ணை வைத்து சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், அதில் வரும் பத்திர எண்ணைக் கொடுத்து நகல் கேட்கலாம்.

பத்திரத்தில் 1076 என்று ஆண்டு இருந்தால் குழம்ப வேண்டாம், அது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு. 1956 நவம்பர் 1-இல்தான் நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன, அதற்கு முன் திருவிதாங்கூர் கணக்குதான். சிங்க மாதம், அதாவது நம் ஆவணியில் ஆண்டு பிறக்கும். அப்போதிலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824-ஐயும், ஜனவரி முதல் கர்க்கடகம் (ஆடி) முடிய 825-ஐயும் கூட்டுங்கள். 1076 மீனம் (பங்குனி) என்றால் 1901 மார்ச், ஏப்ரல்.

நாஞ்சில் நாட்டு வேளாளர் போன்ற மருமக்கள்வழிக் குடும்பங்களில் சொத்து தாய்மாமனிடமிருந்து மருமகனுக்கு, அதாவது அவருடைய சகோதரி மகனுக்குப் போனது. அங்கே பத்திரத்தில் காரணவராக (குடும்பத் தலைவராக) நிற்பவர் அப்பா அல்ல, பெரும்பாலும் தாய்மாமன். ஆகவே கொடிவழியை (வம்சாவளியை) அம்மா பக்கமாக வரையுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் சபையின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைக் கேளுங்கள். கத்தோலிக்கப் பங்குகளில் பழைய பதிவுகள் லத்தீனிலும் இருக்கும், ஞானப்பெற்றோர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள், அவர்கள் அநேகமாக உறவினர். ஒருவருக்கே ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பத்திரத்தில் வேறொன்று என்று இருக்கலாம், அப்போது வீட்டுப்பேரையும் மனைவி பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

திருவனந்தபுரத்திலுள்ள கேரள ஆவணக் காப்பகத்தைக் கடைசியாக வையுங்கள். ஊர், வீட்டுப்பேர், ஏறக்குறைய எந்த ஆண்டு என்ற மூன்றும் கையில் இருந்தால் மட்டும் போங்கள், மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு.